மருத்துவமனையின் தரத்தை எப்படி அளக்கிறார்கள்? நோயாளிகளின் மனநிறைவு மதிப்பெண்ணை நம்பலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் தந்தைக்கு இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பறையில் "98 சதவீத நோயாளிகள் மனநிறைவு" என்று பலகை தொங்குகிறது. இன்னொரு மருத்துவமனை, சென்ற ஆண்டு தங்களிடம் பைபாஸ் செய்துகொண்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை என்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ எந்த எண்ணையும் சொல்வதில்லை. எதை நம்புவது? ஒரு மருத்துவமனையின் தரத்தை உண்மையிலேயே அளக்க முடியுமா?

அளக்க முடியும், உலகில் சில இடங்களில் நன்றாகவே அளக்கிறார்கள். ஆனால் நீங்கள் பார்த்த இரண்டு எண்களையும் இப்போது இருக்கும் நிலையில் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. ஓர் எண்ணைப் பார்த்தால், அதை யார் கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், மொத்தம் எத்தனை பேரில் அந்த எண் வந்தது என்ற நான்கும் தெரிந்தாக வேண்டும். மருத்துவமனைகளின் தரப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், அந்தப் பலகையில் இருக்கும் 98 எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் டிஸ்சார்ஜ் நாளன்று நடப்பது இது. காலை பத்து மணிக்கு டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிடுவார். காப்பீட்டு நிறுவனத்தின் அப்ரூவல் வர மாலை நான்காகும். அதுவரை பில்லிங் கவுண்டருக்கும் வார்டுக்கும் இடையே நடந்து களைத்துப்போன மகனிடமோ மருமகனிடமோ ஒரு கருத்துப் படிவத்தை நீட்டுவார்கள். மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்று நான்கு பத்திகள். பேனாவைக் கையில் கொடுத்துவிட்டு, நோயாளியின் கையிலிருக்கும் ஊசியை எடுக்க வேண்டிய சிஸ்டர் பக்கத்திலேயே நிற்பார். பேனாவை வாங்கிய மகனோ மருமகனோ ஒவ்வொரு கேள்வியாகப் படிப்பதில்லை. "மிக நன்று" பத்தியில் மேலிருந்து கீழாக ஒரே கோடு போட்டுக் கையெழுத்திட்டுவிடுவார். படுக்கையில் இருந்தவர் அந்தப் படிவத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். கோபத்தில் இருப்பவர்கள் படிவத்தை வாங்காமலே போய்விடுவார்கள். இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் யாரும் நீட்டுவதில்லை. மாதக் கடைசியில் இந்தக் கோடுகளைக் கூட்டி வகுத்தால் வருவதுதான் 98. இதில் யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. கேட்ட இடமும் நேரமும் ஆளும் தவறாக இருந்ததால், உண்மையான படிவங்களிலிருந்தே பொருளற்ற எண் ஒன்று வந்துவிடுகிறது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரம் கழித்து நோயாளிகளைத் தொலைபேசியில் அழைத்துப் பேசும் வழக்கத்தை நாங்கள் தொடங்கியபோது, இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஓர் அம்மாவிடம் பேசினேன். "தங்கமா பாத்துக்கிட்டாங்க தம்பி, ஒரு குறையும் சொல்லமாட்டேன்" என்றார். ராத்திரியில் பெல் அடித்தால் உடனே வந்தார்களா என்று கேட்டேன். "பெல்லா? அது தலைமாட்டுக்குப் பின்னால செவுத்துல இருந்துச்சு, எனக்கு எட்டல. மருமக முழிச்சே இருந்தா, அவளே போய்க் கூட்டியாந்துடுவா" என்றார். வீட்டில் சாப்பிடக் கொடுத்த மாத்திரைகள் எதற்கு என்று சொன்னார்களா என்றதற்கு, "வெள்ளை காலைல, மஞ்சள் ராத்திரின்னாங்க" என்றார். அன்று மாலை வார்டுக்குப் போய்ப் பார்த்தபோது, பல கட்டில்களில் பெல் சுவிட்ச் படுத்திருப்பவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. எழுந்து நடக்கக் கூடாத நோயாளிகள் இருக்கும் எலும்பு சிகிச்சை வார்டு அது. அந்த அம்மாவின் மனநிறைவு முற்றிலும் உண்மையானது, நன்றியிலிருந்து வந்தது. ஆனால் அவர் பெற்ற கவனிப்பில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருந்தன, "நிறைவா?" என்று கேட்டிருந்தால் இரண்டுமே வெளியே வந்திருக்காது.

இதனால்தான் இத்துறையில் இருப்பவர்கள் மனநிறைவையும் அனுபவத்தையும் வேறுபடுத்திப் பார்க்கிறார்கள். மனநிறைவு என்பது எதிர்பார்ப்பைப் பொறுத்தது. வராந்தாவில் பாய் விரித்துப் படுத்துப் பழகியவருக்குக் கட்டில் கிடைத்ததே பெரிய நிறைவாக இருக்கும். அறை வாடகைக்கு ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கொடுப்பவருக்குக் காப்பி ஆறிப்போனதே குறையாக இருக்கும். அனுபவத்தைப் பற்றிய கேள்வி, நடந்ததா, எத்தனை முறை நடந்தது என்று கேட்கிறது. அதற்குப் பதில் சொல்ல நன்றியும் கோபமும் அதிகம் தேவைப்படுவதில்லை, நினைவு இருந்தால் போதும்.

அமெரிக்காவில் முதியோருக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் அமைப்பு 2006-இல் நடைமுறைப்படுத்தி, 2008 மார்ச் முதல் மருத்துவமனை வாரியாக முடிவுகளை வெளியிட்டுவரும் எச்கேப்ஸ் என்னும் ஆய்வு இந்த அடிப்படையில் அமைந்ததுதான். அதன் கட்டமைப்பைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். யாரிடம் கேட்பது என்பதை வார்டு ஊழியர் தீர்மானிப்பதில்லை. டிஸ்சார்ஜ் ஆன பெரியவர்களிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டுக்குப் போய் 48 மணி நேரம் ஆன பிறகே, ஏழு வாரத்துக்குள், அஞ்சலிலோ தொலைபேசியிலோ இணையத்திலோ தொடர்புகொள்கிறார்கள். எல்லா மருத்துவமனைக்கும் ஒரே சொற்களில் அமைந்த ஒரே கேள்விகள். செவிலியர்கள் உங்களுக்குப் புரியும்படி எத்தனை முறை விளக்கினார்கள், புதிய மருந்து கொடுக்கும் முன் அது எதற்கு என்று எத்தனை முறை சொன்னார்கள் என்பவை போன்றவை அவை. ஒருபோதும் இல்லை, சில சமயம், பெரும்பாலும், எப்போதும் என்பன விடைகள். இவற்றில் "எப்போதும்" என்று சொன்னவர்களின் விகிதத்தையே முதன்மையாக எடுத்துக்காட்டுகிறார்கள். "பெரும்பாலும் சொன்னார்கள்" என்பது மருந்து விஷயத்தில் போதாது என்ற கண்டிப்பு அதில் இருக்கிறது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த அம்சம் அதுதான். நான்கு காலாண்டுகளில் குறைந்தது 300 நிறைவு பெற்ற படிவங்கள் சேர வேண்டும் என்பது மருத்துவமனைகளுக்கு வைத்த இலக்கு.

அதோடு நிற்கவில்லை. வயதானவர்கள் பொதுவாகத் தாராளமாக மதிப்பெண் போடுகிறார்கள், அதிகம் படித்தவர்களும் உடல்நிலை மோசமாக இருப்பவர்களும் குறைத்துப் போடுகிறார்கள், தொலைபேசியில் கேட்டால் அஞ்சலில் கேட்பதைவிடச் சாதகமான பதில் வருகிறது என்று கண்டதால், இந்த வேறுபாடுகளுக்கெல்லாம் கணக்கில் திருத்தம் செய்த பிறகே வெளியிடுகிறார்கள். இத்தனை கவனத்தோடு செய்யப்பட்ட எண்ணையும், குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டு ஐந்து நட்சத்திரம் போட்ட எண்ணையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

அப்படிப்பட்ட ஆய்வுக்கும் பணத்தோடு முடிச்சுப் போட்டபோது சிக்கல் வந்தது. 2012 அக்டோபரிலிருந்து மருத்துவமனைக்குத் தரும் தொகையின் ஒரு சிறு பகுதியை, தொடக்கத்தில் 1 சதவீதத்தையும் பிறகு படிப்படியாக 2 சதவீதம் வரையிலும், இதுபோன்ற மதிப்பெண்களோடு மெடிகேர் இணைத்தது. படிவத்தில் வலி நிவாரணம் பற்றிய கேள்விகள் இருந்தன. நாட்டில் ஓபியாய்டு என்னும் அபின் வகை வலி மாத்திரைகளுக்கு மக்கள் அடிமையாகி இறந்துகொண்டிருந்த காலம் அது. மதிப்பெண் குறையக் கூடாது என்பதற்காக வலுவான வலி மாத்திரைகளைத் தாராளமாக எழுதத் தூண்டுகிறது என்று மருத்துவர்கள் அந்தக் கேள்விகளை எதிர்த்தார்கள். முதலில் அவற்றைப் பணக் கணக்கிலிருந்து விலக்கினார்கள், பிறகு சொற்களை மாற்றினார்கள், 2019 அக்டோபரில் படிவத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். நம் ஊரிலும் இதே இழுப்பு உண்டு. சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு "ஊசி வேண்டாம், தண்ணீர் குடியுங்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று சொல்லும் டாக்டரைவிட, ட்ரிப்ஸ் ஏற்றி இரண்டு ஊசி போட்டு அனுப்புபவரிடம்தான் பலருக்கு நிறைவு கிடைக்கிறது. சிகிச்சை சரியானதா என்று நோயாளியால் பெரும்பாலும் தீர்மானிக்க முடியாது. அதை வேறு வழியில்தான் அளக்க வேண்டும்.

அதற்காக நோயாளியின் வாக்கை ஒதுக்கிவிடலாம் என்று நினைத்தால் அது இதைவிடப் பெரிய தவறு. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நடந்தது அதற்குச் சாட்சி. நிர்வாகம் நிதி நிலைமையிலும் காத்திருப்பு நேர இலக்குகளிலும் தன்னாட்சித் தகுதி பெறுவதிலும் முனைப்பாக இருந்தபோது, வார்டுகளில் முதியவர்கள் கழிப்பறைக்கு அழைத்துப்போக ஆளின்றி ஈரப் படுக்கையில் கிடந்தார்கள். தாகத்துக்குப் பூச்சாடித் தண்ணீரைக் குடித்தவர்கள் பற்றியெல்லாம் குடும்பத்தார் சாட்சி சொன்னார்கள். இறப்பு எண்ணிக்கை எதிர்பார்ப்பதைவிட அதிகம் என்று புள்ளிவிவரம் காட்டியபோது, நோய்க் குறியீடுகளைப் பதிவு செய்ததில் பிழை இருக்கிறது என்று நிர்வாகம் விளக்கம் தந்தது. ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. உறவினர்கள் வெகு காலம் முன்பே புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் அந்த அறிக்கையைப் படிக்கும்போது நெஞ்சை அடைக்கும் செய்தி. தண்ணீர் எட்டும் தூரத்தில் இருந்ததா என்பதை அங்கே படுத்துக் கிடந்தவரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது.

மருத்துவத் தரத்தை எங்கெங்கே அளக்கலாம் என்பதற்கு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவேதிஸ் டொனபீடியன் 1966-இல் வகுத்துத் தந்த முறையே இன்றும் அடிப்படை. கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்று. ஐ.சி.யூ.வில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பது கட்டமைப்பு. அறுவை சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாட்டிக் உரிய நேரத்தில் போடப்பட்டதா என்பது செயல்முறை. நோயாளி பிழைத்தாரா, தொற்று வந்ததா, முப்பது நாளுக்குள் திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்றா என்பது விளைவு. நம் நாட்டில் மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம் (என்.ஏ.பி.எச்.) தரும் அங்கீகாரமும், அரசு மருத்துவமனைகளுக்கு 2013-இல் வந்த தேசியத் தர உறுதிச் சான்றும், தூய்மைக்காக 2015-இல் தொடங்கிய காயகல்ப் விருதும் பெரும்பாலும் முதல் இரண்டைத்தான் சோதிக்கின்றன. அவை தேவையானவை, அங்கீகாரத்துக்காக மருத்துவமனைகள் மருந்துப் பிழைகளைப் பதியவும் கை கழுவுவதைக் கணக்கெடுக்கவும் தொடங்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். எனினும் சுவரில் சான்றிதழ் இருப்பது, வேண்டிய ஏற்பாடுகள் இருப்பதைச் சொல்லும். உங்கள் தந்தையைப் போன்றவர்கள் அங்கே பிழைத்து வீடு திரும்பினார்களா என்பதைச் சொல்லாது.

விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த முதல் அறுவை மருத்துவர்களில் ஒருவர் பாஸ்டன் நகரின் எர்னஸ்ட் கோட்மன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிறு அட்டை, ஓராண்டு கழித்து அவரைத் திரும்ப அழைத்துப் பார்த்து, பலன் கிடைத்ததா, கிடைக்கவில்லையென்றால் ஏன் என்று அதில் எழுத வேண்டும். இதுதான் அவர் முறை. 1911-இல் சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனை தொடங்கி, 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட கணக்கில் 123 பிழைகளைத் தாமே பட்டியலிட்டார். மற்ற மருத்துவமனைகளும் இப்படி வெளியிட வேண்டும் என்று கேட்டதற்காகச் சகாக்களின் பகையைச் சம்பாதித்தார். அவர் முன்னின்று வளர்த்த இயக்கத்தின் தொடர்ச்சியாக அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, நூறும் அதற்கு மேலும் படுக்கைகள் கொண்ட 692 மருத்துவமனைகளைச் சோதித்தபோது, மிக அடிப்படையான தரங்களை எட்டியவை வெறும் 89. பெயர் பெற்ற பெரிய மருத்துவமனைகள் பலவும் தோற்றிருந்தன. செய்தியாளர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று 1919-இல் நியூயார்க்கில் தங்கியிருந்த ஹோட்டலின் உலையிலேயே அந்தப் பட்டியலை எரித்துவிட்டார்கள். அளப்பதைவிட வெளியிடுவதுதான் கடினம் என்பது இத்துறை பிறந்த நாளிலிருந்தே தெரிந்த செய்தி.

உங்கள் கேள்வி பைபாஸ் பற்றியது என்பதால், அந்த அறுவை சிகிச்சையிலேயே நடந்த மிக முக்கியமான முயற்சியைச் சொல்கிறேன். நியூயார்க் மாநில அரசு 1989 முதல் பைபாஸ் செய்துகொண்ட ஒவ்வொருவரின் விவரத்தையும் திரட்டியது. வயது, இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன், சர்க்கரை நோய், டயாலிசிஸ், முன்பு இதய அறுவை சிகிச்சை நடந்ததா, அவசரநிலையா என்பன போன்றவற்றை வைத்து, இப்படிப்பட்ட நோயாளிகளில் எத்தனை பேர் இறக்கக்கூடும் என்று கணித்து, உண்மையில் இறந்தவர்களின் எண்ணிக்கையை அதோடு ஒப்பிட்டது. ஒரு நாளிதழ் நீதிமன்றம் சென்றதால் 1991-இல் மருத்துவர் வாரியான விவரமும் வெளியானது.

இந்தத் திருத்தம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. முதல் மருத்துவமனையில் ஆயிரம் பேர்: ஆபத்துக் குறைந்த 900 பேரில் 9 பேரும், ஆபத்து மிகுந்த 100 பேரில் 12 பேரும் இறக்கிறார்கள். மொத்தம் 21, அதாவது 2.1 சதவீதம். இரண்டாவது மருத்துவமனையிலும் ஆயிரம் பேர்: ஆபத்துக் குறைந்த 300 பேரில் 2 பேரும், ஆபத்து மிகுந்த 700 பேரில் 56 பேரும் இறக்கிறார்கள். மொத்தம் 58, அதாவது 5.8 சதவீதம். மொத்தத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவது இடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு மோசம். பிரித்துப் பார்த்தால் இரு வகை நோயாளிகளுக்குமே இரண்டாவது இடம்தான் பாதுகாப்பானது. எங்கும் சேர்த்துக்கொள்ளாதவர்களைக் கடைசி நேரத்தில் 108 வண்டியில் ஏற்றி ஜி.எச்.சுக்கு அனுப்பும் நம் ஊரில், அரசு மருத்துவமனையின் இறப்பு எண்ணிக்கையை இந்தத் திருத்தம் இல்லாமல் பேசுவது அங்கே இரவு பகலாக உழைப்பவர்களுக்குச் செய்யும் அநீதி.

நியூயார்க்கில் திருத்தப்பட்ட இறப்பு விகிதம் 1989-இல் 4.17 சதவீதமாக இருந்தது, 1992-இல் 2.45 ஆனது. ஆல்பனி நகரின் செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனையின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எதிர்பார்த்ததைவிட இறப்பு அதிகம் என்று மாநில அறிக்கை சொன்னதும், தங்கள் நோயாளிகளை வகை வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். திட்டமிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சைகளில் குறையில்லை. மாரடைப்போடு அவசரமாக வந்தவர்களில்தான் 42 பேருக்கு 11 பேர் இறந்திருந்தார்கள். ரத்த அழுத்தம் சீராகும் முன்பே அவர்களை அறுவை அரங்குக்கு அவசரமாகக் கொண்டுபோனதுதான் கோளாறு என்று புரிந்தது. முதலில் நிலைப்படுத்தி, பிறகு அறுவை என்று முறையை மாற்றினார்கள். 1993-இல் அப்படி வந்த 54 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. அறுவை மருத்துவர்களின் கைத்திறனில் குறை இருந்தால் அதை முதலிலேயே தேடிக் கண்டுபிடித்திருப்பார்கள். குறை முறையில் இருந்ததால், எண்களை அடுக்கிப் பார்க்கும்வரை யார் கண்ணிலும் படவில்லை.

இதே நியூயார்க் முறை மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளையும் மறைக்கக் கூடாது. பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி ஆபத்து மிகுந்தவர்களை மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள் என்ற புகார் எழுந்தது. அறிக்கை வரத் தொடங்கியபின் நுரையீரல் நோய், சிறுநீரகக் கோளாறு போன்ற துணை நோய்களைப் பதிவு செய்வது திடீரென்று கூடியது. நோயாளியை மேலும் நோயுற்றவராகக் காட்டினால் கணிக்கப்படும் இறப்பு உயரும், தங்கள் எண் அழகாகத் தெரியும். எந்த அளவுகோலையும் தண்டனைக்கோ பரிசுக்கோ கருவியாக்கினால் இந்த வளைப்பு வந்தே தீரும் என்பதை எதிர்பார்த்தே அதை அமைக்க வேண்டும்.

இப்போது "ஒருவர்கூட இறக்கவில்லை" என்று சொன்ன மருத்துவமனைக்கு வருவோம். முதல் கேள்வி, எத்தனை பேருக்குச் செய்தார்கள்? புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு: ஒரு நிகழ்வு ஒருமுறைகூட நேரவில்லையென்றால், மூன்றை மொத்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், உண்மையான ஆபத்து அந்த அளவு வரை இருக்க இடமுண்டு. 60 பேருக்குச் செய்து ஒருவரும் இறக்காவிட்டால் உண்மையான ஆபத்து 5 சதவீதமாகக்கூட இருக்கலாம். 600 பேருக்குச் செய்து ஒருவரும் இறக்கவில்லையென்றால்தான் அது அரை சதவீதத்துக்குக் கீழ் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடியும்.

இரண்டாவது கேள்வி இன்னும் சங்கடமானது. நம்மிடையே, பிழைக்க மாட்டார் என்று தெரிந்தால் உயிர் வீட்டில் போகட்டும் என்று எடுத்துச் செல்லும் வழக்கம் இருக்கிறது. செலவு தாங்காமல் எடுத்துச் செல்பவர்களும் இருக்கிறார்கள். ஆம்புலன்ஸில் கையால் மூச்சு அழுத்தியபடியே ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் அது இறப்பாக ஏறாது. "மருத்துவ ஆலோசனைக்கு மாறாகச் சென்றார்" என்று ஏறும். இப்படிச் சென்றவர்களைச் சேர்க்காத இறப்பு விகிதத்துக்கு மதிப்பே இல்லை என்பது என் உறுதியான கருத்து. மெடிகேர் வெளியிடும் கணக்கில் மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் எங்கே இறந்தாலும் அது சேரும். சரியான முறை அதுதான்.

தொற்று எண்ணிக்கையில் இதற்கு நேர்மாறான விபரீதம் நடக்கும். சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய், போட்டவர்களுக்கு வரும் ரத்தத் தொற்றை, ஆயிரம் லைன் நாட்களுக்கு இத்தனை என்று கணக்கிடுகிறார்கள். காய்ச்சல் வந்தவுடன் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமியைத் தேடும் சோதனை) அனுப்பும் மருத்துவமனையில் தொற்று பிடிபடும், எண் உயரும். கல்ச்சரே அனுப்பாமல் ஆன்டிபயாட்டிக்கை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் எண் பூஜ்ஜியம். ஆகவே "எங்களிடம் தொற்றே இல்லை" என்ற பதிலைக் கேட்டால் நான் கவலைப்படுவேன். தேடிப் பார்ப்பவர்களுக்குத்தான் ஏதாவது கிடைக்கும்.

பொதுமக்கள் பார்த்து ஒப்பிடும்படி, நோயாளியின் நிலைக்கேற்பத் திருத்தப்பட்ட விளைவுகளை மருத்துவமனை வாரியாக வெளியிடும் ஏற்பாடு இந்தியாவில் இல்லை. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் தொடங்கிய "மேரா அஸ்பத்தால்" திட்டம் குறுஞ்செய்தி, தானியங்கித் தொலைபேசி அழைப்பு, செயலி, இணையதளம் வழியாக நோயாளிகளின் கருத்தைத் திரட்டுகிறது. கேட்பவர் மருத்துவமனைக்கு வெளியே இருக்கிறார் என்ற வகையில் அது நல்ல தொடக்கம். ஆனால் அடிப்படையில் கேட்பது நிறைவு பற்றித்தான்.

எனினும் நம்மால் முடியாத செயல் இது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஏனெனில் தமிழ்நாடு ஒரு துறையில் இதைச் செய்து காட்டியிருக்கிறது. மகப்பேற்றில் தாய் இறந்தால், தனியார் மருத்துவமனையோ, அரசு மருத்துவமனையோ, வழியில் ஆம்புலன்ஸோ, எங்கே இறந்தாலும் அது அறிவிக்கப்பட வேண்டும், தணிக்கை செய்யப்பட வேண்டும். கிராம சுகாதார செவிலியர் மட்டத்திலிருந்து விவரம் திரட்டப்படுகிறது. குடும்பத்தாரிடம் வீட்டுக்குச் சென்று விசாரிக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில் தாமதமா, போய்ச் சேர்வதில் தாமதமா, சேர்ந்த பின் சிகிச்சை தொடங்குவதில் தாமதமா என்று மூன்று தாமதங்களையும் தேடுகிறார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் ஆய்வில் இறந்தவரின் உறவினர்களும் பேச இடமுண்டு. "ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொல்லி ரெண்டு மணி நேரம் அலைஞ்சோம்" என்று ஒரு கணவர் சொல்வது எந்தக் கேஸ் ஷீட்டிலும் இருக்காது. 2001-03-இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 ஆக இருந்த தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம், 2018-20-இல் 54 ஆகக் குறைந்தது. இருபத்து நான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், ரத்த வங்கிகள், 108 சேவை என்று பல காரணங்கள் சேர்ந்தே இது நடந்தது. ஆனால் எந்த ஓட்டையை முதலில் அடைப்பது என்பதைக் காட்டியதில் இந்தத் தணிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. புள்ளிவிவரமும் குடும்பத்தாரின் சொல்லும் ஒரே மேசையில் வைக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

இனி உங்கள் தந்தையின் விஷயம். மூன்று இடங்களுக்கும் சென்று ஒரே கேள்விகளைக் கேளுங்கள். எழுதி வைத்துக்கொண்டு கேட்பது நல்லது, பெரிய டாக்டர் முன் உட்கார்ந்தால் பாதி மறந்துபோகும். சென்ற ஆண்டு எத்தனை பைபாஸ் செய்தீர்கள், அப்பாவின் வயதிலும், இதே சர்க்கரை அளவும் இதயத் திறனும் உள்ளவர்கள் அவர்களில் எத்தனை பேர், முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் எத்தனை பேர், வீட்டுக்கு எடுத்துச் சென்றவர்களும் இதில் அடக்கமா என்று கேளுங்கள். ரத்தக்கசிவுக்காக மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டியிருந்தது எத்தனை பேருக்கு, நெஞ்செலும்புக் காயத்தில் தொற்று வந்தது எத்தனை பேருக்கு, பக்கவாதம் வந்தது எத்தனை பேருக்கு என்றும் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஐ.சி.யூ.வில் இருக்கும் டூட்டி டாக்டர் யார், ஒரு சிஸ்டருக்கு எத்தனை படுக்கை என்பதையும் விட்டுவிடாதீர்கள். சில இடங்களில் "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்" என்பார்கள். சில இடங்களில் ஒரு பதிவேட்டை எடுத்து வைத்து, "இரண்டு பேருக்குத் தொற்று வந்தது, காரணம் இது, இப்போது இப்படி மாற்றியிருக்கிறோம்" என்று சொல்வார்கள். மற்றதெல்லாம் ஏறக்குறையச் சமமாக இருந்தால் நான் என் தந்தையை இரண்டாவது வகை இடத்துக்குத்தான் அழைத்துச் செல்வேன், அங்கே பலகையில் 98 இல்லாவிட்டாலும்.

கிளம்பும் முன் இன்னொன்றும் கேளுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து முப்பதாம் நாள் அப்பாவை அழைத்து யாராவது விசாரிப்பார்களா? அந்த வழக்கம் உண்டென்று சொன்னால், சென்ற மாதம் எத்தனை பேரை அழைத்தீர்கள், அவர்களில் எத்தனை பேர் தொடர்பில் கிடைக்கவில்லை, கிடைக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடினீர்களா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.